குவாட் தாவல்கள்: யார் முயன்றார்கள், யார் முடித்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் நான்கு சுழற்சித் தாவலை யார் முயன்றார், யார் முடித்தார், எந்தப் போட்டியில், எந்தத் தீர்ப்புடன் என்று ஓர் அட்டவணையைப் பராமரித்து வருகிறேன். புதிய பருவம் தொடங்கும்போதெல்லாம் அதே ஐயங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. குவாட் என்றால் என்ன? எத்தனை வகை இருக்கிறது?

காற்றில் நான்கு முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்கும் தாவல்தான் குவாட். போட்டியில் கணக்கில் வரும் தாவல்கள் ஆறு: டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்செல். ஆறையும் நான்கு சுழற்சியில் செய்துகாட்டியவர்கள் இன்று இருக்கிறார்கள். காற்றில் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.7 விநாடிதான். அதற்குள் உடலை இறுக்கிச் சுழன்று, மீண்டும் விரித்து, ஒரு காலின் ஸ்கேட் கத்தியின் வெளிவிளிம்பில் நிற்க வேண்டும்.

ஆக்செல் மட்டும் முன்னோக்கிச் சறுக்கியபடி கிளம்புகிறது. இறங்குவதோ மற்றவற்றைப் போலப் பின்னோக்கி. அதனால் அதில் அரைச் சுற்று கூடுதல். குவாட் ஆக்செல் என்பது உண்மையில் நாலரைச் சுழற்சி.

2. எல்லாம் நான்கு சுற்றுதானே? ஏன் வகை வகையாகப் பிரித்து எழுதுகிறீர்கள்?

கிளம்பும் விதம் மாறினால் கடினமும் மாறுகிறது. இடப்பக்கமாகச் சுழல்பவரை எடுத்துக்கொண்டால், டோ லூப்பில் வலது காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கி வந்து இடது கால் முனையைப் பனியில் ஊன்றி எழுகிறார். சால்கோவில் இடது காலின் உள்விளிம்பிலிருந்து, முனை ஊன்றாமல் எழுகிறார். லூப்பில் வலது வெளிவிளிம்பு மட்டுமே. ஊன்றுவதற்கு வேறு கால் உதவி கிடையாது. ஃபிளிப், லட்ஸ் இரண்டிலும் வலது முனை ஊன்றப்படுகிறது. ஃபிளிப்புக்கு இடது காலின் உள்விளிம்பு, லட்ஸுக்கு வெளிவிளிம்பு. லட்ஸில் சறுக்கிவரும் வளைவு ஒரு பக்கம், சுழற்சி எதிர்ப்பக்கம் என்பதால் அது கடினமானது.

மதிப்பெண்ணிலும் இது தெரியும். 2018–19 பருவத்தில் அமைந்த அட்டவணைப்படி அடிப்படை மதிப்பு டோ லூப்புக்கு 9.5, சால்கோவுக்கு 9.7, லூப்புக்கு 10.5, ஃபிளிப்புக்கு 11, லட்ஸுக்கு 11.5, ஆக்செலுக்கு 12.5. ‘குவாட் முடித்தவர்’ என்று மட்டும் எழுதினால் 1988-இல் நடந்ததும் 2022-இல் நடந்ததும் ஒரே சாதனை போலத் தோன்றிவிடும்.

3. முதல் குவாடை முடித்தவர் கர்ட் பிரௌனிங் என்கிறார்கள். சிலர் சபோவ்சிக் என்கிறார்கள். எது சரி?

அங்கீகரிக்கப்பட்ட முதல் குவாட், கனடாவின் கர்ட் பிரௌனிங் 1988 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் செய்த டோ லூப். செக்கோஸ்லோவாக்கியாவின் யோசெஃப் சபோவ்சிக் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1986 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் குவாட் டோ லூப் செய்தார். அது முதலில் ஏற்கப்பட்டு, சில வாரங்களுக்குப் பிறகு, இறங்கும்போது மறு கால் பனியைத் தொட்டது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது.

என் அட்டவணையில் இருவருமே இருக்கிறார்கள். பிரௌனிங் ‘முடித்தவர்’ பகுதியில், சபோவ்சிக் ‘முயன்றவர்’ பகுதியில், காரணத்தோடு. முயற்சியை அழித்துவிட்டு வெற்றியை மட்டும் வைத்தால், 1988-இல் அது திடீரென்று எங்கிருந்தோ வந்ததாக ஆகிவிடும். இந்தப் பட்டியலை நான் வைத்திருப்பதற்கே அதுதான் காரணம்.

4. மற்ற ஐந்து வகைகளையும் முதலில் முடித்தவர்கள் யார்?

சால்கோ: அமெரிக்காவின் திமோதி கேபல், 1998 மார்ச், லோசானில் நடந்த ஜூனியர் இறுதிப் போட்டி. லட்ஸ்: அமெரிக்காவின் பிராண்டன் ம்ரோஸ், 2011 செப்டம்பர். ஃபிளிப்: ஜப்பானின் ஷோமா உனோ, 2016 ஏப்ரல், ஸ்போகேனில் நடந்த அணிப் போட்டி. லூப்: ஜப்பானின் யுசுரு ஹன்யூ, 2016 செப்டம்பர் இறுதியில் மான்ட்ரியால். ஆக்செல்: அமெரிக்காவின் இலியா மாலினின், 2022 செப்டம்பர், லேக் பிளாசிட்.

இடைவெளிகளைப் பாருங்கள். சால்கோவுக்கும் லட்ஸுக்கும் நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எவரும் முயலாமல் இல்லை. அமெரிக்காவின் மைக்கேல் வைஸ் 1998-இலேயே தேசியப் போட்டியில் குவாட் லட்ஸ் முயன்று இரண்டு கால்களில் இறங்கினார். ஜப்பானின் டைசுகே தகஹாஷி 2010 உலகச் சாம்பியன்ஷிப்பில் குவாட் ஃபிளிப் முயன்றார், சுழற்சி போதவில்லை. (அந்தப் பட்டத்தை அவர்தான் வென்றார்.) முடித்தவர் பட்டியலில் மட்டும் தேடினால் இந்த இரண்டும் கண்ணில் படாது.

5. பெண்களில் முதலில் யார்?

ஜப்பானின் மிகி ஆன்டோ. 2002 டிசம்பரில் தி ஹேக் நகரில் நடந்த ஜூனியர் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், பதினான்கு வயதில், குவாட் சால்கோ. அடுத்த பெண் வருவதற்கு 2018 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோஃபியாவில் நடந்த உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவின் அலெக்ஸாண்ட்ரா த்ருசோவா ஒரே நிகழ்ச்சியில் சால்கோவும் டோ லூப்பும் செய்தார். பெண்களில் முதல் குவாட் லட்ஸ் (2018 அக்டோபர், யெரெவான்), முதல் குவாட் ஃபிளிப் (2019 டிசம்பர், டூரின்) ஆகியவையும் அவருடையவை. சீனியர் பிரிவில் முதல் பெண் கஜகஸ்தானின் எலிசாபெத் துர்சின்பாயேவா, 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில், சால்கோவுடன்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் பிரான்ஸின் சூர்யா பொனாலி இருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில், 1992 ஒலிம்பிக் உட்பட, குவாட் டோ லூப்பைத் திரும்பத் திரும்ப முயன்றார். சுழற்சி முழுமையில்லை என்பதால் எதுவும் ஏற்கப்படவில்லை. வேறு பெண்கள் நினைத்தும் பார்க்காத காலத்தில் ஒலிம்பிக் பனியில் அதைத் துணிந்தவர் அவர். ‘முயன்றவர்’ பகுதியில் அவர் பெயரைப் பெரிய மரியாதையோடு வைத்திருக்கிறேன்.

6. முயன்றது, முடித்தது: எங்கே கோடு போடுகிறீர்கள்?

மூன்று நிலைகள் வைத்திருக்கிறேன். தாவலின் வகையையும் சுழற்சியையும் தீர்மானிக்கும் தொழில்நுட்பக் குழு நான்கு சுழற்சி நிறைந்தது என்று ஏற்று, ஸ்கேட்டரும் விழாமல் நின்றால் ‘முடித்தது’. அதிலேயே கை ஊன்றியது, இரண்டாம் கால் தொட்டது, அடியெடுத்து வைத்து வெளியேறியது போன்ற குறைகள் இருந்தால் ‘குறையுடன் முடித்தது’. விழுந்தாலோ, சுழற்சி குறைந்தது என்று குறிக்கப்பட்டாலோ ‘முயன்றது’.

நடு நிலை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். 2018 ஒலிம்பிக் ஃப்ரீ ஸ்கேட்டில் (போட்டியின் நீண்ட நிகழ்ச்சி) அமெரிக்காவின் நேதன் சென் செய்த குவாடுகள் ஆறு என்று சில செய்திகள் சொல்கின்றன, ஐந்து என்று சில சொல்கின்றன. ஆறிலும் சுழற்சி ஏற்கப்பட்டது; ஒரு ஃபிளிப்பில் மட்டும் கை பனியில் பட்டது. இரண்டு எண்களுமே சரிதான், அளவுகோல்தான் வேறு. நடு நிலை இருந்தால் படிப்பவரே தமக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய குவாடுகளை வைத்து என்னிடம் வாதாடுபவர்களுக்கு ஒன்று: சபோவ்சிக் விஷயத்தில் மறு கால் தொட்டதே மறுப்புக்குக் காரணமானது. இன்றைய விதிப்படி அது தர மதிப்பெண்ணை (தாவலைச் செய்த விதத்துக்கு நடுவர்கள் தருவது) குறைக்குமே தவிர, தாவலை நீக்காது. இன்றைய அளவுகோலை 1986-க்குக் கொண்டுபோய் அந்த முடிவை மாற்ற நான் விரும்பவில்லை. அந்தந்தக் காலத்தின் தீர்ப்பு அந்தந்த வரியில் நிற்கிறது.

7. மதிப்பெண் தாளில் தாவலுக்குப் பக்கத்தில் கோணம் மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அது என்ன?

சுழற்சி எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டும் குறி. ஒற்றைக் கோணம் என்றால் கால் (¼) சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குக் குறைவாகப் பற்றாக்குறை. இரட்டைக் கோணம் என்றால் அரைச் சுற்றோ அதற்கு மேலோ பற்றாக்குறை. தாவல் ஒரு படி கீழே இறக்கப்பட்டு மூன்று சுழற்சித் தாவலாக மதிப்பிடப்படும். 2020–21 பருவத்தில் ‘கியூ’ என்ற எழுத்தும் சேர்ந்தது. சரியாகக் கால் சுற்றுப் பற்றாக்குறை என்று அதற்குப் பொருள். அடிப்படை மதிப்பு குறையாது, தர மதிப்பெண் குறையும்.

குவாட் லட்ஸை வைத்துப் பார்க்கலாம். முழுமையாகச் சுழன்றால் 11.5. ஒற்றைக் கோணம் விழுந்தால் அதில் 80 சதவீதம், அதாவது 9.2. இரட்டைக் கோணம் விழுந்தால் மூன்று சுழற்சி லட்ஸின் மதிப்பான 5.9. ‘கியூ’ பெற்ற தாவலை நான் முடித்ததாகவே எடுத்துக்கொள்கிறேன், குறியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். மற்ற இரண்டும் ‘முயன்றது’.

8. 2008-ஆம் ஆண்டுத் தாளில் இருக்கும் ஒற்றைக் கோணமும் இன்றைய ஒற்றைக் கோணமும் ஒன்றுதானா?

இல்லை. புதிதாகப் பட்டியல் தொகுப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 2010–11 பருவத்துக்கு முன்னால் இருந்தது ஒரே குறி. அது விழுந்தால் குவாட் நேராக மூன்று சுழற்சித் தாவலின் மதிப்புக்கு இறங்கிவிடும். இடைநிலைத் தண்டனை அந்தப் பருவத்தில்தான் வந்தது. அப்போது அது ஏறத்தாழ 70 சதவீதம், 2018-இல் 75, பிறகு 80.

ஆகவே 2008-இல் தண்டிக்கப்பட்ட ஒருவருக்குப் பற்றாக்குறை எவ்வளவு என்பதைக் குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அது கால் சுற்றை லேசாகத் தாண்டியிருக்கலாம், அரைச் சுற்றாகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு வரியிலும் பருவத்தை எழுதுங்கள். பருவம் இல்லாத குறிக்குப் பொருள் இல்லை.

9. கீழே விழுந்தவருக்கும் முழு மதிப்பு கொடுத்திருக்கிறார்களே! அப்படியானால் அதுவும் முடித்ததுதானே?

அடிப்படை மதிப்பு என்பது சுழற்சிக்கு. விழுந்ததற்கான தண்டனை வேறு இடத்தில் வருகிறது. 2018–19 முதல் தர மதிப்பெண் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை. ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. முழுமையாகச் சுழன்ற குவாட் லட்ஸில் விழுந்தால் 11.5-இல் பாதி போய் 5.75 நிற்கும். விழுந்ததற்காக மொத்தத்தில் இன்னொரு புள்ளி கழியும். கையில் மிஞ்சுவது 4.75. சாதாரணமாகச் செய்த மூன்று சுழற்சி லட்ஸின் 5.9-ஐ விட அது குறைவு.

எனவே விழுந்த குவாடை நான் ‘முயன்றது’ என்றே வைக்கிறேன். ஆனால் சுழற்சி நிறைந்து விழுந்ததையும், சுழற்சி குறைந்து விழுந்ததையும் தனித்தனியாகக் குறிக்கிறேன். முதலாமவருக்கு இறக்கம்தான் மிச்சம். பயிற்சியாளர்கள் கூர்ந்து பார்ப்பதும் அந்த வேறுபாட்டைத்தான்.

10. குவாட் செய்யப் போய், காற்றிலேயே விரித்துவிட்டு இரண்டு சுற்றோடு இறங்கினால் அது முயற்சியா?

மதிப்பெண் தாளில் அது இரண்டு சுழற்சித் தாவலாக மட்டுமே பதிவாகும். குவாட் திட்டம் இருந்ததற்கான தடயமே அதில் இருக்காது. போட்டிக்கு முன்னால் ஸ்கேட்டர்கள் தரும் திட்டத் தாளைப் பார்த்தால் அங்கே குவாட் எழுதியிருக்கும்.

நான் இதை முயற்சியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. திட்டம் என்பது எண்ணம். அதைப் பட்டியலிட்டால் முடிவே இருக்காது.

11. நம்பகமான தகவலை எங்கிருந்து எடுப்பது?

ஒவ்வொரு சர்வதேசப் போட்டிக்கும் நடுவர் விவரத் தாள் வெளியாகிறது. அதில் செய்த கூறுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை மதிப்பு, குறிகள், ஒவ்வொரு நடுவரும் கொடுத்த தர மதிப்பெண், இறுதிப் புள்ளி ஆகியவை பக்கத்திலேயே இருக்கும். அதுதான் முதல் ஆதாரம். நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் வந்த தாவல்களுக்கு (2018–19 முதல் அவற்றில் கடைசிச் சிலவற்றுக்கு மட்டும்) 10 சதவீதக் கூடுதல் உண்டு என்பதால், அடிப்படை மதிப்பு சில வேளைகளில் வழக்கத்தை விடச் சற்றுக் கூடித் தெரியும். பயப்பட வேண்டாம், அது வேறு தாவல் அல்ல.

நேரடி ஒளிபரப்பில் மூலையில் ஓடும் மதிப்பெண்ணை நம்பி எழுதாதீர்கள். தொழில்நுட்பக் குழு மறுபார்வைக்கு எடுத்த தாவலின் முடிவு, நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் உறுதியாகும். வர்ணனையாளர் ‘முடித்துவிட்டார்’ என்று கூவிய தாவல், தாளில் கோணத்தோடு வருவது அடிக்கடி நடப்பது.

12. பழைய 6.0 முறைக் காலத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

6.0-ஐ உச்ச மதிப்பெண்ணாகக் கொண்ட அந்த முறையில் தாவல் வாரியாகத் தீர்ப்பே கிடையாது. மொத்த நிகழ்ச்சிக்கும் சேர்த்து இரண்டு மதிப்பெண்கள் மட்டும். புதிய முறை 2003-இல் சோதனையாக வந்து 2004-இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய வரிகளுக்கு ஒளிப்பதிவும் அக்காலச் செய்திகளும்தான் துணை. ஆதாரத்தின் தன்மையை ஒவ்வொரு வரியிலும் குறித்துவிடுகிறேன்.

பெரிய சாதனைகளில் சிக்கல் குறைவு. செக்கோஸ்லோவாக்கியாவின் பெட்ர் பார்னா 1992-இல் ஒலிம்பிக்கின் முதல் குவாடைச் செய்ததும், கேபல் 2002 ஒலிம்பிக்கில் ஒரே நிகழ்ச்சியில் மூன்று குவாடுகள் செய்ததும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இடைப்பட்ட நூற்றுக்கணக்கான முயற்சிகள்தான் கடினம். ஒரே கோணத்தில் எடுத்த மங்கலான பதிவில் கால் சுற்றுப் பற்றாக்குறையைக் கண்டுபிடிக்க முடியாது. அத்தகையவற்றைக் ‘குறியில்லாக் காலம்’ என்று தனி நிறத்தில் வைத்திருக்கிறேன். இன்றைய விதியால் அவற்றைக் கத்தரிப்பதும் தவறு, இன்றைய குவாடுகளோடு அப்படியே கலப்பதும் தவறு.

13. பயிற்சியிலும் கண்காட்சியிலும் செய்ததை ஏன் சேர்ப்பதில்லை? வீடியோ இருக்கிறதே!

அங்கே தீர்ப்பு இல்லை. இசை ஓடும்போது, மற்ற கூறுகளின் களைப்போடு, ஒரே வாய்ப்பில் செய்வதுதான் போட்டித் தாவல். பயிற்சியில் பத்து முறை விழுந்து பதினோராவது முறை நிற்கலாம். நமக்கு வந்துசேர்வது அந்தப் பதினோராவது வீடியோ மட்டும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறொரு பட்டியலுக்கு உரியது.

14. உள்நாட்டுப் போட்டியில் செய்தது செல்லுமா?

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. நான்காம் கேள்வியில் சொன்ன ம்ரோஸின் லட்ஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த ஓர் அமெரிக்கப் போட்டியில் நிகழ்ந்தது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதை அங்கீகரித்தது. பிறகு அதே ஆண்டு நவம்பரில் என்.எச்.கே. கோப்பையில் அவர் அதைச் சர்வதேச மேடையிலும் செய்தார். அதனால் அவருக்கு இரண்டு வரிகள் உண்டு.

பெண்களின் குவாட் லூப் இதைவிடச் சிக்கலானது. ரஷ்யாவின் அதெலியா பெத்ரோசியான் அதை ரஷ்ய உள்நாட்டுப் போட்டியில் செய்திருக்கிறார். 2022 மார்ச் முதல் ரஷ்ய ஸ்கேட்டர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து தடுக்கப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது அது. சர்வதேசப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. இல்லவே இல்லை என்று சொல்வதும் பொய்யாகும். ‘உள்நாட்டுப் போட்டி’ என்ற தனிப் பத்தி இதற்காகவே இருக்கிறது. தேசியப் போட்டிகளில் மதிப்பெண் பெரும்பாலும் தாராளமாக இருக்கும் என்பதையும் படிப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

15. குவாட் ஆக்செலை முதலில் முயன்றது ஹன்யூவா, மாலினினா?

இருவருக்கும் முன்னால் ரஷ்யாவின் ஆர்தர் த்மித்ரியெவ் இருக்கிறார். 2018 நவம்பரில் மாஸ்கோ கிராண்ட் பிரீயில் முயன்று விழுந்தார், இரட்டைக் கோணம். ஹன்யூ 2021 டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியில் முயன்று இரண்டு கால்களில் இறங்கினார்; அதுவும் கீழிறக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மீண்டும் முயன்று விழுந்தார். அங்கே கிடைத்தது ஒற்றைக் கோணம். அதாவது, சுழற்சி குறைந்த குவாட் ஆக்செல் என்று தாளில் எழுதப்பட்டது. அந்தத் தாவல் சர்வதேசத் தாளில் குவாடாகவே மதிப்பிடப்பட்டது அதுதான் முதல் முறை. ஏழு மாதங்களில் மாலினின் அதை முடித்தார்.

ஏழாம் கேள்வியில் சொன்ன ஒற்றை, இரட்டைக் கோணங்களின் வேறுபாடு எவ்வளவு கனமானது என்று இங்கே புரியும். மூவருமே முயன்றவர்கள். த்மித்ரியெவின் தாளில் இருப்பது மூன்று சுழற்சி ஆக்செலின் மதிப்பு, ஹன்யூவின் தாளில் இருப்பது குவாடின் குறைக்கப்பட்ட மதிப்பு. பதக்க வாய்ப்பைப் பணயம் வைத்து அந்த நாலரைச் சுற்றை ஒலிம்பிக்கில் எடுத்துவந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

16. ஒரே நிகழ்ச்சியில் அதிகபட்சம் எத்தனை?

1999-இல் கேபல் ஸ்கேட் அமெரிக்காவில் மூன்று. 2017 அமெரிக்கத் தேசியப் போட்டியில் சென் ஐந்து, 2018 ஒலிம்பிக்கில் ஆறு. 2024 டிசம்பரில் கிரெனோபிளில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் மாலினின் ஏழு முயன்றார். சிலவற்றில் சுழற்சி குறைந்தது. ஓராண்டு கழித்து 2025 டிசம்பரில் நகோயாவில் அதே இறுதிப் போட்டியில், ஆக்செலும் சேர்த்து, ஏழையும் முடித்தார். ஃப்ரீ ஸ்கேட்டுக்கு மட்டும் 238.24. பெண்களில் த்ருசோவா 2022 ஒலிம்பிக்கில் ஐந்து.

ஏழு என்ற எண் சாதாரணமானதல்ல. 2018–19 முதல் ஃப்ரீ ஸ்கேட்டில் ஆண்களுக்கு இருந்த தாவல் கூறுகளே ஏழுதான். ஒரே ஒரு வகைக் குவாடை மட்டும்தான் இரண்டு முறை செய்யலாம். அப்படியானால் ஏழு குவாடுகளுக்கு ஆறு வகைகளும் கைவசம் இருந்தாக வேண்டும்.

17. கூட்டுத் தாவல்களை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

குவாடுக்குத் தனி வரி, கூட்டுக்குத் தனிக் குறிப்பு. கனடாவின் எல்விஸ் ஸ்டொய்கோ 1991-இல் குவாடோடு இரட்டைத் தாவலை இணைத்த முதல்வர். குவாடோடு மூன்று சுழற்சியை இணைத்த முதல்வரும் அவரே, 1997-இல். இரண்டாம் தாவலில் கோணம் விழுந்தாலும் முதல் தாவலான குவாட் பாதிக்கப்படாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

குவாட் கடைசியில் வரும் கூட்டும் உண்டு. கஜகஸ்தானின் மிகைல் ஷைதோரோவ் 2024-இல் மூன்று சுழற்சி ஆக்செல், இடையில் ஆய்லர் என்ற ஒற்றைச் சுற்று, முடிவில் குவாட் சால்கோ என்று செய்துகாட்டினார். முதல் தாவலைப் பார்த்து மட்டும் தாளை வடிகட்டினால் இது தப்பிவிடும். தாளின் வரி முழுவதையும் படியுங்கள்.

18. குவாடே இல்லாமல் பட்டம் வென்றவர்கள் இருக்கிறார்களே. அப்புறம் எதற்கு இந்தப் பட்டியல்?

2010 ஒலிம்பிக்கில் குவாட் இல்லாமல் எவன் லைசாசெக் தங்கம் வென்றார், குவாட் செய்த எவ்கேனி ப்ளுஷென்கோ வெள்ளி பெற்றார். ஜப்பானின் கஓரி சகாமோட்டோ 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குவாட் இல்லாமல் உலகச் சாம்பியன். இது சிறந்த ஸ்கேட்டர்களின் வரிசையல்ல. மனித உடல் ஒரு குறிப்பிட்ட செயலை எப்போது, யார் வழியாகச் செய்தது என்ற பதிவு. சகாமோட்டோவின் வேகத்தையும் ஓட்டத்தையும் எந்த அட்டவணையாலும் பிடிக்க முடியாது.

19. ஜோடிப் பிரிவில் நான்கு சுழற்சிகள் உண்டே, அவற்றை ஏன் காணோம்?

அவை தனிப் பக்கத்தில் இருக்கின்றன. ஆண் தூக்கி எறிய, பெண் சுழன்று இறங்குவதில் முதல் குவாட், 2007-இல் பாரிஸ் கிராண்ட் பிரீயில் அமெரிக்காவின் டிஃபனி வைஸும் டெரெக் டிரென்டும் செய்த சால்கோ. மேலே எறிந்து பிடிக்கும் சுழற்சியிலும் நான்கு உண்டு. அங்கே உயரத்தைக் கொடுப்பது இன்னொருவர் என்பதால் தனித் தாவலோடு சேர்ப்பதில்லை.

20. லட்ஸில் விளிம்புத் தவறு என்று குறி விழுந்தால் அது லட்ஸா, ஃபிளிப்பா?

லட்ஸ்தான். வெளிவிளிம்பிலிருந்து எழ வேண்டியவர் கடைசி நொடியில் உள்விளிம்புக்கு மாறினால் ‘ஈ’ என்ற எழுத்து விழும், மதிப்பு குறையும். ஐயத்துக்கு இடமான விளிம்புக்கு ஆச்சரியக்குறி. தாளில் தாவலின் பெயர் மாறாது. ‘ஈ’ விழுந்ததைக் ‘குறையுடன் முடித்தது’ பகுதியில் வைக்கிறேன். உடலளவில் அது ஃபிளிப்புக்கு நெருக்கமானது என்று வாதிடுபவர்களின் கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயரை மாற்றும் உரிமை பட்டியல் எழுதுபவருக்கு இல்லை.

21. ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி நீக்கப்பட்டவரின் குவாடுகளை நீக்கிவிட்டீர்களா?

நீக்கவில்லை, தனியாகக் குறித்திருக்கிறேன். 2022 பெய்ஜிங் அணிப் போட்டியில் ஒலிம்பிக்கில் குவாட் முடித்த முதல் பெண்ணாக ரஷ்யாவின் கமிலா வலியேவா அறிவிக்கப்பட்டார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்து, 2021 டிசம்பர் 25 முதலான அவருடைய முடிவுகளை ரத்து செய்தது.

வரி இருக்கிறது, எதிரே ‘முடிவு ரத்து’ என்று இருக்கிறது. ‘முதல்’ என்ற பட்டியலில் அந்த வரியை எண்ணுவதில்லை. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அதே ஆண்டில் சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக்கச் சங்கம் முடிவெடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பெண்களின் குவாட் எண்ணிக்கையை ஒப்பிடும்போது இந்த மாற்றத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

22. வீடியோவில் முழுச் சுழற்சி தெளிவாகத் தெரிகிறது. நடுவர் குழு குறைத்துவிட்டது. நீங்களாவது திருத்தக் கூடாதா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பல இரவுகள் ஒரே தாவலை மெதுவாக ஓட்டிப் பார்த்து நானும் உடன்படாமல் இருந்திருக்கிறேன். கேமரா நிற்கும் இடம் பொறுத்துக் கால் சுற்று கூடவோ குறையவோ தெரியும். கத்தி பனியைத் தொடும் கணத்தை நேர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. குழுவுக்கும் எல்லாக் கோணங்களும் கிடைப்பதில்லை. ஆகவே தவறுகள் நடக்கவே செய்கின்றன, இரு பக்கமும். தண்டனை பெற வேண்டிய தாவல் தப்பியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆயினும் நான் திருத்தத் தொடங்கினால், எனக்குப் பிடித்தவர்களின் தாவல்களை அதிக முறை ஓட்டிப் பார்ப்பேன், மற்றவர்களுடையதைக் குறைவாகப் பார்ப்பேன். அப்போது அது பதிவாக இருக்காது. தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீட்டை எதிர்த்து முறையீடு செய்ய விதிகளிலும் இடமில்லை. கணக்கிடும்போது நேர்ந்த பிழைகளை மட்டும் பிறகு திருத்துவார்கள். சர்ச்சைக்குரிய தாவல்களுக்குக் குறிப்புப் பத்தியில் ‘தீர்ப்பு விவாதிக்கப்பட்டது’ என்று எழுதி, எந்தக் கோணத்தில் எடுத்த பதிவு இருக்கிறது என்பதையும் சேர்க்கிறேன். முடித்தது, முயன்றது என்ற நிலை மட்டும் தாளில் உள்ளபடியே இருக்கும்.